பின்வளவில் நின்ற போட்

எங்கள் வீட்டு வேலியைப் பிடுங்கியவர் அவர்தான். அப்போது நாங்கள் ரொறன்ரோவில் வோபர்ன் பக்கம் குடியிருந்தோம். அவருடையது மூலை வீடு, எங்களுடையது அதற்கு அடுத்தது. அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். அவர் என்னைப் பிள்ளை என்பார். ஒரு சனிக்கிழமை காலை கையில் குறடும் சுத்தியலுமாக வந்து கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நடு வேலியிலை கொஞ்சப் பலகை கழட்டப்போறன். பிறகு அடிச்சுத் தருவன்."

"என்னத்துக்கு அக்கா?"

"போட் ஒண்டு வருது. பின்வளவுக்குள்ளை திருப்பேக்கை வால் இடிக்கும்."

"தண்ணியிலை ஓடுற போட்டோ?"

"பின்னை என்ன, றோட்டிலை ஓடுறதே?"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்த மனுசியைப் பற்றி எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம் ஒன்று உண்டென்றால், அது அவருக்குத் தண்ணீர் என்றால் பயம் என்பதுதான். கோடையில் இரண்டு குடும்பமும் சேர்ந்து ஏரிக்குள் இருக்கிற தீவுக்குப் போவோம். நாங்கள் சோற்றுப் பொதியும் பந்தும் பாயுமாக ஃபெரியில் ஏற, அக்கா துறையடி வாங்கில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாலையில் நாங்கள் வெயிலில் கறுத்துத் திரும்பி வரும்போது அதே வாங்கில், அதே மாதிரி இருப்பார். "நல்லாய் இருந்துதே?" என்று கேட்பார். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்தில்கூடக் குளிக்கும் தொட்டியில் தண்ணீரை நிரப்ப விட்டதில்லையாம். வாளியும் கோப்பையும்தான்.

அப்படிப்பட்டவர் போட் வாங்கிவிட்டார். அதுவும் பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் போட். பழையதுதான், ஆனால் செவ்வரி ஓடின மினுமினுப்பு இன்னும் போகவில்லை.

இப்படி ஒன்று நடக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் அவர் பயந்தது எதுவோ, அது கடைசியில் அவர் வீட்டுக்குள் வந்து நிற்கும். அதுதான் அவருடைய சுபாவம். நாங்கள் எல்லாம் பயந்ததைக் கண்டால் தெருவை மாறி நடப்போம். இவர் அதன் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வருவார்.

நாயின் கதை அப்படித்தான். நாய் குரைத்தால் இவருக்குக் கைகால் உதறும். மைத்துனர் குடும்பம் ஊருக்குப் போகிறதென்று தெரிந்ததும், அவர்களுடைய ஆளுயர நாயைத் தானே பார்ப்பதாகச் சொல்லி வாங்கி வந்தார். ஒவ்வொரு நாளும் அதைப் பின்வளவில் இருத்தி, முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு சீப்பால் வாருவார். "ராசா, கடிச்சுப்போடாதை ராசா, என்ரை குஞ்செல்லே" என்று அவர் கெஞ்சுவது எங்கள் குசினிக்குக் கேட்கும். நாய் திரும்பிப் போன பிறகு, பயம் போய்விட்டதா என்று கேட்டேன்.

"போகேல்லை. ஆனால் இப்ப நாங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொள்ளுவம்" என்றார்.

ஆங்கிலத்தில் ஃபோன் பேசுவதென்றாலும் அவருக்கு நடுக்கம்தான். அதற்காகவே ஒரு பல் டொக்டரிடம் ஃபோன் எடுக்கிற வேலைக்கு விண்ணப்பித்து வாங்கினார். வேலைக்குப் போன புதிதில், பல் பிடுங்க வேண்டும் என்று அழுத ஒரு வெள்ளைக்காரரிடம் பதற்றத்தில் "கொங்கிராஜுலேஷன்ஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாராம். அதை அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அவரை அறிந்த காலத்தில் அந்தக் கிளினிக்கில் அவரை விட்டால் ஆள் கிடையாது.

போட் வந்தது இலையுதிர் காலத்தின் தொடக்கத்தில். அண்ணை, அதாவது அக்காவின் கணவர், சாதுவான மனுசன், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "ஏரிப் பக்கமாய் ஒரு இடத்திலை வாடகை குடுத்து விட்டால் அவங்களே குளிருக்கு மூடி வைச்சுத் தருவாங்கள். ஏன் இஞ்சை கொண்டந்து இழுபடுறாய்?" என்று கேட்டார்.

"தூரத்திலை விட்டால் எனக்கு அது பெரிசாய்க்கொண்டெல்லோ போகும். கண்ணுக்கு முன்னாலை கிடக்கட்டும். வாற கோடைக்கு நான் உதிலை ஏறித் தண்ணியிலை போவன். ஏறேல்லையெண்டால் இனி ஒருநாளும் ஏறமாட்டன், அது எனக்குத் தெரியும்" என்றார் அக்கா.

அந்த 'உது' என் காதில் ஒட்டிக்கொண்டது. எங்கள் பேச்சில் இது என்றால் என் பக்கம் கிடப்பது. உது என்றால் உன் பக்கம் கிடப்பது. அக்கா போட்டின் மேல் கையை வைத்துத் துடைத்துக்கொண்டே "உது" என்பார். "உதைப் பிடியும் பிள்ளை", "உதுக்கு மழை படாமல் மூடோணும்". போட் என்னுடையது மாதிரியும், தான் சும்மா உதவிக்கு வந்தவர் மாதிரியும் இருக்கும். பகிடி பண்ணினேன். "உங்கடை போட்டையக்கா நீங்கள் உது எண்டுறியள்." அவர் சிரிக்கவில்லை.

புது வாகனம் வந்தால் எங்கள் சனம் என்ன செய்யும்? கோயிலுக்குக் கொண்டுபோகும். புதுக்கார்களுக்குப் பின்னால் வரிசையில் அந்தப் போட்டையும் அதன் வண்டியோடு நிறுத்தினார்கள். ஐயர் ஒரு கணம் யோசித்துவிட்டு, வண்டிச் சில்லுகளுக்கு எலுமிச்சங்காய் வைத்தார், போட்டின் மூக்குக்குச் சந்தனம் பூசினார், தேங்காய் உடைத்தார். உடைத்த தேங்காய்ப் பாதியையும் வாழைப்பழத்தையும் வெற்றிலையையும் பக்தியோடு வாங்கிய அக்கா, தூண்டில் தடிகள் வைக்கிற முன்பக்கப் பெட்டிக்குள் வைத்து மூடினார். சாமிக்குப் படைத்ததை நிலத்தில் வைக்கக் கூடாதென்று எனக்கும் சரியாகத்தான் பட்டது. பிறகு நாங்கள் எல்லோரும் அதை மறந்துவிட்டோம்.

குளிருக்கு முன் செய்ய வேண்டியதையெல்லாம் அக்கா வீடியோக்களில் பார்த்துப் பாடமாக்கினார். பற்றரியைக் கழற்றி நிலவறைக்குக் கொண்டுபோனார். பெற்றோல் பழுதாகாமல் இருக்க ஏதோ மருந்து ஊற்றினார். எஞ்சினுக்குள் தண்ணீர் தங்காமல் வடிய அதை நேரே நிமிர்த்தி வைத்தார். எஞ்சினின் அடியில் பழைய எண்ணெயை இறக்கிய அன்று என்னைக் கூப்பிட்டார். சட்டிக்குள் விழுந்த எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி இருந்தது.

"எண்ணெய் கறுப்பாய் வந்தால் பயமில்லை. உப்பிடி வெளிறி வந்தால் உள்ளுக்கை தண்ணி போயிருக்கு. விட்டால் குளிருக்கு உறைஞ்சு வெடிச்சுப்போடும்" என்றார். முகம் வெளுத்துப் போயிருந்தது. "பாத்தீரே பிள்ளை, எங்கையெல்லாம் போய் ஒளிச்சிருக்கு."

அன்றைக்கே ஒரு மெக்கானிக்கைத் தேடிப் பிடித்து, தண்ணீர் புகுந்த ரப்பர் வளையத்தை மாற்றி, புது எண்ணெய் விட்டு முடித்த பிறகுதான் சாப்பிட்டார். நான் அப்படிச் செய்திருக்கமாட்டேன். காரின் எண்ணெய் மாற்றச் சொல்லி விளக்கு எரிந்தாலே அது தானாக அணையும் என்று காத்திருப்பவள் நான்.

பனி தொடங்கியது. போட்டுக்கு மேல் நடுவில் தடி நட்டுக் கூடாரம் மாதிரித் துணி கட்டியிருந்தார்கள். பனி கொட்டினால் அக்கா வேலைக்குப் போகுமுன் தும்புத்தடியோடு வந்து துணியில் கிடப்பதைத் தட்டிவிடுவார். அது வேண்டிய வேலைதான். பாரம் ஏறினால் துணி கிழியும். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை குசினி யன்னலால் பார்த்தேன். துணியின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டு, தடிச்ச ஜக்கெற்றும் தொப்பியுமாக, போட்டின் கதிரையில் நிமிர்ந்து இருக்கிறார். வேலியின் இடைவெளியால் ஓடினேன்.

"அக்கா, விசரே உங்களுக்கு? விறைச்சுப்போவியள்."

"ஏறி வாரும். பிளாஸ்கிலை தேத்தண்ணி கிடக்கு."

"என்ன செய்யிறியள் இதுக்குள்ளை?"

"பழகிறன். சுத்திவரக் கிடக்கிறது பனியெண்டாலும் அதுவும் தண்ணிதானே. இருந்து பாக்கிறன்."

பக்கத்துக் கதிரையில் இருந்தேன். எங்களைச் சுற்றி வெள்ளையாய்க் கிடந்தது. பகிடி பண்ணத்தான் வாயெடுத்தேன். கதிரையின் விளிம்பை அவர் கை பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டது. ஏனக்கா உங்களுக்கு இந்தப் பயம் என்று அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.

"மன்னாராலை இந்தியாவுக்கு வள்ளத்திலை போனனாங்கள். நான் அப்ப குமர்ப்பிள்ளை. வள்ளம் நிரம்பச் சனம். ஆரும் கண்டிடுவினம் எண்டு எங்களை அடியிலை படுக்கவைச்சு, மேலாலை படங்கு போட்டு மூடி, அதுக்கு மேலை ஆக்கள் இருந்தவை. அடியிலை தண்ணி. முகத்துக்கு வரும், போகும். மூச்சு எடுக்கேலாமல் எழும்பப் பாத்தன். மேலை இருந்தவர் காலாலை அமத்திப் போட்டார். நல்ல மனுசன், எங்கடை நன்மைக்குத்தான் அமத்தினவர். 'அசையாதை பிள்ளை, இனி இறங்கேலாது, இனி இறங்கேலாது' எண்டு சொல்லிக்கொண்டே வந்தார். விடியக் கரைக்கு வந்திட்டம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

தேத்தண்ணியை ஊதினார்.

"அதுதான் பிள்ளை கரைச்சல். செத்த கதையெண்டால் சனம் குந்தியிருந்து கேட்கும். ஒண்டும் நடக்காத கதையை ஆரிட்டைச் சொல்லுறது? இவருக்கும் சொல்லேல்லை." பிறகு காலால் போட்டின் தளத்தைத் தட்டினார். "உதைப் பாரும். தட்டைப் பலகை, மேலை கதிரை. உதிலை ஒருத்தரையும் அடியிலை படுக்கவைச்சு மூடேலாது. படத்தைப் பாத்த உடனை அதுதான் என்ரை கண்ணிலை பட்டது. மீன் ஆருக்கு வேணும்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. தேத்தண்ணி ஆறுகிறது, குடியும் என்றார்.

பனி கரைந்து துணியைக் கழற்றிய அன்றைக்குத்தான் நாற்றம் வந்தது. முன்பக்கப் பெட்டியைத் திறந்த அக்காவின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு "அம்மா, சீரியஸ்லி? தேங்காயா வச்சிருந்தீங்க? எலிக்கு ஃபைவ் ஸ்டார் ஹோட்டல்!" என்று கத்தினாள். உண்மைதான். எலிகள் சாமியின் தேங்காயைத் தின்று தீர்த்து, வாழைப்பழத்தை முடித்து, பிறகு பசி தீராமல் வயர்களைக் கடித்திருந்தன. போட்டுக்குள் சேரும் தண்ணீரை இறைக்கிற பம்பின் வயர் துண்டு துண்டாகக் கிடந்தது. பூசை செய்தே போட்டைக் கெடுத்த சனம் உலகத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போம்.

அண்ணைக்கு அது நல்ல சாட்டாகப் போய்விட்டது. "இதோடை விட்டிடுவம்" என்றார். அக்கா பெட்டிக்குள் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை எடுத்தபோது கண்ணில் கோபம்.

"எடியேய், எளிய எலியள்! இதையெல்லே கடிச்சுப்போட்டுதுகள்! என்ரை போட்டை!"

இதை என்றார். மகள் கவனிக்கவில்லை, அண்ணையும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் அது காதில் விழுந்தது. புது வயர் வாங்கி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பிழையாகப் பூட்டி, கழற்றித் திரும்பப் பூட்டி, ஒரு மாதிரிப் பம்பை ஓடவைத்துவிட்டார். அதோடு மழைக்காலமும் முடிந்து கோடை வந்தது.

முதல் தடவை ஸ்கூகொக் ஏரிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். போட்டைத் தண்ணீரில் இறக்கித் துறையில் கட்டினார்கள். அக்கா மிதப்பு ஜக்கெற்றைப் பூட்டினார், ஒரு காலைத் தூக்கினார், போட் லேசாக அசைந்தது, காலைத் திருப்பி எடுத்தார். மறுபடி தூக்கினார். பின்னால் வேறு ஆட்கள் தங்கள் போட்டுகளோடு காத்திருந்தார்கள். அவர் நெற்றியில் வியர்வை ஓடியது.

"இண்டைக்குக் காணும், போதும்" என்றார்.

வீட்டுக்கு வந்து, ஏரிக்குப் போய் வந்தவர்கள் செய்வதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தார். போட்டைக் கழுவினார், துடைத்தார், அடியில் இருக்கிற தக்கையைக் கழற்றி உள்ளே நின்ற தண்ணீரை வடியவிட்டார். தக்கையை மறந்துபோகாமல் இருக்க அதைச் சாவிக் கொத்தில் கோத்து வைத்தார். அடுத்த கிழமை திரும்பப் போனோம். அன்றைக்கும் ஏறவில்லை.

அன்று திரும்பி வரும்போது காரில் அண்ணை மெதுவாகச் சொன்னார். "வித்துப்போடுவம். உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"நன்மைக்கு எண்டு என்னை அமத்தினது காணும்" என்றார் அக்கா.

அண்ணைக்கு விளங்கவில்லை, எனக்கு விளங்கியது. நான் யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அன்று மாலை போட்டைத் துடைத்துக்கொண்டு அக்கா அண்ணைக்கு அந்த வள்ளத்துக் கதையைச் சொன்னது வேலி இடைவெளியால் எனக்குக் கேட்டது. நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்; உள்ளே போகத்தான் வேண்டும், போகவில்லை. கதை முடிந்தது. எட்டிப் பார்த்தேன். அண்ணை ஒரு பழைய துவாயை எடுத்து, போட்டின் மற்றப் பக்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தடவை அக்கா ஏறிவிட்டார். எப்படி ஏறினார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கண்ணை மூடவில்லை, சாமியைக் கூப்பிடவில்லை. அண்ணை முதலில் ஏறிக் கை நீட்ட, அதைப் பிடிக்காமல், துறையின் தூணைப் பிடித்துக்கொண்டு ஏறி, சுக்கானுக்கு முன்னால் இருந்தார்.

"உடனை வெளிக்கிட வேண்டாம். கட்டினபடி கொஞ்ச நேரம் இருப்பம்" என்றார்.

நான் துறையில் நின்று கயிற்றைப் பிடித்திருந்தேன். சந்தோஷத்தில் எனக்கு வாய் ஓயவில்லை. என்ன பேசினேன் என்று ஞாபகமில்லை. அக்கா சாவியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணைதான் முதலில் குனிந்து பார்த்தார்.

"ஐயோ, காலுக்குள்ளை ஈரம்!"

பின்பக்கத்தால் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அக்காவின் கையைப் பார்த்தேன். சாவியோடு தக்கையும் தொங்கிக்கொண்டிருந்தது. பனிக்காலம் முழுக்க அந்தப் போட்டில் ஒரு ஆணியைக்கூட மறக்காத மனுசி, ஏறுகிற யோசனையில் அதை மறந்துவிட்டார். அண்ணை ஒரே பாய்ச்சலில் துறைக்கு வந்துவிட்டார்.

"இறங்கு! இறங்கு எண்டுறன்! கையைத் தா!"

நானும் கத்தினேன். "இறங்குங்கோ அக்கா! பாத்துக்கொண்டு இருக்கிறியளே!"

அக்கா எழும்பினார். இறங்கத்தான் எழும்புகிறார் என்று கையை நீட்டினேன். அவர் மற்றப் பக்கம் திரும்பி, தக்கையைச் சாவியிலிருந்து கழற்றிக்கொண்டு பின்பக்கம் போய், மூடியைத் திறந்து முழங்காலில் இருந்தார். அந்தத் தண்ணீருக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டார். முகம் தண்ணீருக்குக் கிட்டப் போனது. தக்கையால் தடவித் தடவித் துவாரத்தைக் கண்டுபிடித்து, திருகி, இன்னும் திருகி இறுக்கினார். பிறகு பம்பின் சுவிச்சைப் போட்டார். அது இருமி, ஒருமுறை நின்று, பிறகு தண்ணீரைப் பக்கத்தால் வெளியே துப்பத் தொடங்கியது.

நனைந்த சப்பாத்தோடு வந்து திரும்பவும் சுக்கானுக்கு முன்னால் இருந்தார். உடுப்பு இடுப்பு வரைக்கும் ஈரம். மூச்சு பெரிதாக வாங்கியது.

"போதுமப்பா, இறங்கு. இன்னொரு நாளைக்கு வருவம்" என்றார் அண்ணை. அவருக்கு அழுகை வரும் போலிருந்தது.

அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அண்டைக்கும் இப்பிடித்தான் நனைஞ்சு கிடந்தனான். அண்டைக்கு இறங்கேலாது எண்டு சொல்லிச்சினம்." மூச்சை எடுத்துவிட்டார். "இண்டைக்கு இறங்கலாம். நான் இறங்கமாட்டன்."

அண்ணை காற்சட்டையை முழங்கால் வரைக்கும் மடித்துவிட்டு, ஏறி அவருக்குப் பக்கத்தில் இருந்தார். எஞ்சின் தொடங்கியது. நான் கயிற்றை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்காவுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம் அந்த நேரம் முழுவதும் என் கையில்தான் இருந்தது.

"பிள்ளை, கயிறை விடும்."

நான் விடவில்லை.

"விடும் பிள்ளை. நான் போயிட்டு வாறன்."

விட்டேன்.